புயல் ஊதிய பை

பேண்டுக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் புயல். டிரம்பெட்டில் அவர் ஒரு சுரத்தை இழுக்க ஆரம்பித்தால், டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பி வரலாம். சுரம் அதே இடத்தில்தான் நிற்கும். அப்பேர்ப்பட்ட மனிதர் மூன்று மாதமாக எதையுமே ஊதவில்லை. சூடான பாலைக்கூட வீட்டில் ஊதிக் குடிக்க விடுவதில்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு கல்யாண வரவேற்பில் உச்சத்தில் நின்று ஊதும்போது, வெள்ளைச் சீருடை முழுக்க ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து வயிற்றில் புண் என்றார்கள், அதில் கிருமியும் குடியிருக்கிறது என்றார்கள். "வலி மாத்திரை ஏதாவது போடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். மனைவி பக்கத்தில் நின்றதால், "அந்தப் பழக்கமே இல்லை டாக்டர்" என்று கூசாமல் சொன்னார்.

பச்சைப் பொய். ஆறு மாதமாகப் பல்வலி. பல் டாக்டரிடம் காட்டிச் சரியாகிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டு, தினமும் வெறும் வயிற்றில் இரண்டு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். ஆயிரம் பேர் முன்னால் ஊதுகிற ஆளுக்குப் பல் டாக்டரின் நாற்காலி என்றால் தொடை நடுங்கும்.

"அப்போ ஊதி ஊதித்தான் வயிறு கிழிஞ்சுதா?" என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் விட்டத்தைப் பார்த்தார். அன்று பீரோவுக்குள் போன டிரம்பெட், 'வயிறு சுத்தம்' என்று சீட்டு வரும்வரை வெளியே வராது என்று அவள் சொல்லிவிட்டாள். ஒரு பாவமும் அறியாத கருவி இவர் செய்த குற்றத்துக்கு உள்ளே கிடந்தது.

கிருமிக்கு இரண்டு வாரம், புண் ஆற இரண்டு மாதம் என்று மாத்திரைகளை வேளை தவறாமல் போட்டார். வலிக்கிற பல்லோடு வாயை மூடிக்கொண்டிருந்தார். வரும் ஞாயிறு பேண்டின் வெள்ளி விழா. "நீ வரலேன்னா உன் இடத்துல கிளாரினெட்காரனை நிறுத்திடுவேன்" என்று பேண்டு மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கிளாரினெட்காரன் அதற்காகப் புது ஷூ வாங்கியிருக்கிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து புயலுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை புயலும் மனைவியும் பட்டினியோடு பரிசோதனைக்கூடத்துக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் ஒரு பையை நீட்டினாள்.

"கிருமி போயிடுச்சான்னு உங்க மூச்சை வெச்சுத்தான் பார்ப்போம். இதுக்குள்ள ஊதுங்க சார்."

புயலின் கண்கள் கலங்கின. மூன்று மாதத்துக்குப் பிறகு ஒருவர் அவரை ஊதச் சொல்கிறார். நெஞ்சு நிறைய இழுத்து, சேர்த்து வைத்த மூச்சையெல்லாம் அனுப்பினார். பை படாரென்று வெடித்தது. பக்கத்து அறையில் ரத்தம் எடுக்கக் கை நீட்டியிருந்தவர் கையை மடக்கிக்கொண்டு எழுந்து ஓடினார்.

"சார், சும்மா மூச்சு விட்டா போதும்" என்று அந்தப் பெண் வேறு பை கொடுத்தாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

அதில் ஒழுங்காக ஊதி, ஒரு கரைசலைக் குடித்துவிட்டு அரை மணி காத்திருக்க வேண்டும். பிறகு இன்னொரு பை. இடையில் அந்தப் பெண் படிவத்தை எடுத்தாள்.

"வலி மாத்திரை ஏதாவது போட்டிருக்கீங்களா?"

மனைவி தையல்காரி. எங்கே போனாலும் கையில் வேலை இருக்கும். அப்போதும் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றால் பழி டிரம்பெட்டின் மேலேயே நிற்கும், ஆமாம் என்றால் தன் மானம் போகும். புயல் படிவத்தைப் பார்த்தபடி வாயைத் திறந்தார்.

"போட்டேன்மா. பல்வலிக்கு. ஆறு மாசம். வாந்தி எடுத்த அன்னியோட நிறுத்திட்டேன். இவகிட்ட மறைச்சிட்டேன்."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ரத்தச் சட்டையைத் துவைச்சது யாரு? உள்பாக்கெட்டுல மாத்திரை அட்டை இருந்துச்சு. அந்தப் பாக்கெட்டே நான் தெச்சது. அன்னிக்கே டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன்."

"தெரிஞ்சுமா டிரம்பெட்டைப் பூட்டினே?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ஒரு வாரத்துல சொல்லுவீங்கன்னு நெனைச்சேன். மூணு மாசம் ஆக்கிட்டீங்க." அவள் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள். "நீங்க ரத்தம் கக்கின அன்னிக்கு நான் பாதி செத்துட்டேங்க."

புயலுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. இரண்டாவது பையில் குழந்தைபோல ஊதினார். மத்தியானம் சீட்டு வந்தது. கிருமி இல்லை.

அவள் பீரோச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, மற்றக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். எதிரே பல் ஆஸ்பத்திரி. அவள் முதல் நாளே நேரம் வாங்கியிருந்தாள்.

"பல்லைப் பிடுங்கிட்டா எப்படி ஊதறது?"

"வலிக்கிறது கடைவாய்ப்பல். அதுலயா ஊதறீங்க?"

நாற்காலியில் படுத்தபோது புயல் ஒரு கையில் சாவியையும் இன்னொரு கையில் அவள் விரல்களையும் பிடித்திருந்தார். வேலை முடிவதற்குள் சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. அவள் கையை அவர் விடவே இல்லை.