ஜோடி மாறிய நாலு பெட்டி

...கரண்டாவது போய்த் தொலைந்தால் என்ன, வாரத்தில் மூன்று நாள் சொல்லாமல் கொள்ளாமல் போகிற கரண்டு இந்தச் சனிக்கிழமை மட்டும் அசையாமல் நிற்கிறதே என்று, தட்டோடு கேன்டீன் வரிசையில் நின்ற இன்பராஜ் தலைக்கு மேல் ஓடிய ஃபேனை முறைத்தான். மணி பன்னிரண்டு ஐம்பது, இன்னும் பத்து நிமிடம், ஒரு மணிக்கு டிவியில் 'ஹீரோவும் தோஸ்துங்களும்' நாடகம் ஆரம்பித்துவிடும். ஆம்பூர்ப் பையன் ஒருவன் சினிமாவில் மேலே வருகிறான், அவனை ஒட்டிக்கொண்டே திரிகிற கூட்டாளிகள் வாரா வாரம் அடிக்கிற கூத்து, அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த ஹீரோ நிஜத்தில் பூவரசன், இதே தெருக்களில் செயின் கழன்ற சைக்கிள் ஓட்டியவன். எழுதுகிறவன் பிரேம்நாத், பூவரசனோடு ரயிலேறிச் சென்னைக்குப் போனவன். அப்புறம் செல்வின் என்று ஒரு யோக்கியன் வருகிறானே, ஊரைவிட்டுப் போகாமல் ஷூ ஃபாக்டரியில் பேக்கிங் சூப்பர்வைசராகவே காலம் தள்ளுகிறவன், அவன் சாட்சாத் இன்பராஜேதான். இத்தனை வாரம் அதில் ஒரு சின்னப் பெருமை கூட இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும், பெண்டாட்டி கிறிஸ்டினா, சர்ச்சில் நாலு பேரிடம் அது எங்க வீட்டுக்காரர்தான் என்று சொல்லிவிட்டு வருவாள், இவனும் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பான். காலையில் பிரேம்நாத்திடமிருந்து அந்த மெசேஜ் வரும்வரைக்கும்.

மச்சி, இன்னிக்கு எபிசோடு உன்னுது, அமிர்தி அருவில சொன்னியே அந்த ஷூ பெட்டி மேட்டர், பார்த்துட்டு போன் பண்ணு... படித்ததும் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான், நுரை முழங்கைவரை வழிந்தது. ஏழு முறை போன் அடித்தான், சுவிட்ச் ஆஃப், ஷூட்டிங்கில் இருப்பான் பாவி. எழுதுவதற்கு வேறு மேட்டரே கிடைக்கவில்லையா அவனுக்கு? பள்ளிக்கூடத்தில் பூவரசன் காப்பியடித்து மாட்டியது இருக்கிறது, திருப்பத்தூர் பஸ்ஸில் செருப்பைத் தொலைத்தது இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு இதையா? அதுவும் இங்கே, முந்நூறு பேர் சாப்பிடுகிற இடத்தில், அதில் முத்துமாரியும் இருப்பாளே...

ஆறு வருஷம் ஆகிறது. பூவரசனின் முதல் படம் ரிலீசான வெள்ளிக்கிழமை, வேலூரில் மேட்னி ஷோ, ஹீரோவே தியேட்டருக்கு வருகிறான், நீ இல்லாம நான் உள்ள போக மாட்டேன்டா என்று முந்தின நாளே சொல்லிவிட்டான். இங்கேயோ ஜெர்மனிக்கு சாம்பிள் போக வேண்டும், இருபத்துநாலு ஜோடி, ஏர்போர்ட் வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. ஜோடி சேர்க்கிற மேசை முத்துமாரியுடையது. இடது கால் ஷூவையும் வலது கால் ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தோலின் நிறம் ஒன்றாக இருக்கிறதா, அளவு ஒன்றுதானா என்று பார்த்துப் பெட்டியில் போட்டு, பெட்டிச் சீட்டில் தன் டோக்கன் நம்பர் ஸ்டாம்பைக் குத்துவாள், அவள் குத்திய பெட்டியை யாரும் மறுபடி திறந்து பார்க்க வேண்டியதில்லை, அப்படி ஒரு கை. அன்றைக்கு அவளைக் காணோம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று, பிள்ளைகளை விட்டுவிட்டு வருகிற க்ரெச்சிலிருந்து ஆள் வந்து, வெளியே போகிற பாஸ் எழுதாமலேயே ஓடியிருக்கிறாள், அது அப்புறம்தான் தெரிந்தது. மேசைமேல் ஷூ, மேசைமேல் ஸ்டாம்ப், சாப்பாட்டு நேரம், சுற்றி ஒருத்தரும் இல்லை. சூப்பர்வைசர்கள் அவசரத்துக்கு லைன் பெண்களின் ஸ்டாம்பை எடுத்துக் குத்துவது புதிதா என்ன, தினமும் நடக்கிறதுதான். கைக்கு வந்ததைப் பெட்டியில் போட்டான், குத்தினான், வண்டி போயிற்று, இவனும் பைக்கை எடுத்துக்கொண்டு வேலூருக்குப் போய்விட்டான். நன்றாக விசில் அடித்தான் அன்றைக்கு.

பத்து நாள் கழித்து ஜெர்மனியிலிருந்து போட்டோ வந்தது, பின்னாலேயே பெட்டிச் சீட்டுகளும் வந்தன. நாலு பெட்டியில் ஜோடி தப்பு, இரண்டில் ரெண்டும் இடது, இரண்டில் ரெண்டும் வலது. ஆர்டரே கைவிட்டுப் போகிற நிலைமை. ஆபீசில் கூப்பிட்டு விசாரித்தார்கள், சீட்டில் யார் ஸ்டாம்ப் என்று கேட்டார்கள், இவன் சொன்னது ஒரே வாக்கியம்தான், சார், சீட்டுல முத்துமாரி ஸ்டாம்ப்தான் இருக்குது. பொய்யா அது? ஒரு எழுத்து பொய் கிடையாதே. அவள் பாஸ் இல்லாமல் க்ரெச்சுக்குப் போனதைச் சொன்னால் அது வேறு ஒரு குற்றம், அதனால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நாலு மாதம் வேலையில்லை, கணியம்பாடியில் அம்மா வீட்டுக்குப் போய்க் கடலைக் கொல்லையில் களை எடுத்தாள் என்று கேள்வி, திரும்ப எடுத்துக்கொண்டபோது ஜோடி மேசை இல்லை, ஷூவில் துருத்தும் நூலை வெட்டுகிற வேலை, சம்பளமும் கம்மி. இன்றைக்கும் அதே வேலைதான். தினமும் காலையில் வணக்கண்ணா என்கிறாள்.

அமிர்தியில் சொல்லியாயிற்று, அதுதான் இரண்டு வருஷமாக அவனுக்கு ஆறுதல். இரண்டாவது படம் ஓடிய சந்தோஷத்தில் கூட்டாளிகள் எல்லோரும் போயிருந்தார்கள், அருவியில் தண்ணீர் கம்மி, பாறைமேல் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு அவனவன் தன் தன் கூத்தைச் சொன்னான், இவன் இதைச் சொன்னான், சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, பிரேம்நாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒருத்தரிடமாவது கக்கிவிட்டோமே என்று அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினான். இப்போது அந்த ஆறுதலே கழுத்தைப் பிடிக்க வருகிறது. செல்வின் அந்த ஸ்டாம்பை எடுக்கிறதைக் காட்டுவார்கள், முந்நூறு தலையும் திரும்பி இவனைப் பார்க்கும். அவள்... அவள் என்ன செய்வாள்? அழுவாளா, எழுந்து வந்து சட்டையைப் பிடிப்பாளா? பிடித்தால் கூடத் தேவலை.

"இன்னா செல்வின் சார், இன்னிக்கு இன்னா பண்ணப் போறீங்க?" சோறு போடுகிற முஜாஹித் கரண்டியை ஆட்டிச் சிரித்தான். லெமன் சாதம் போதும், ஜாஸ்தி வேணாம் என்று தட்டை இழுத்துக்கொண்டு, டிவிக்கு முதுகைக் காட்டுகிற இடமாகத் தேடினான், இருந்ததெல்லாம் நடு மேசையில் ஒரே இடம். உட்கார்ந்து ஒரு வாய் வைப்பதற்குள், பக்கத்தில் ஒருத்தர் எழுந்துபோன இடத்தில் ஒரு டிபன் பாக்ஸ் வந்து உட்கார்ந்தது. நிமிராமலே தெரிந்துவிட்டது, விரல் முழுக்க நூல் வெட்டுகிற கத்தரியின் காய்ப்பு.

"இங்க உக்காந்தா நல்லா தெரியும்ணா," என்றாள் முத்துமாரி. "உங்க தோஸ்து நாடகத்த எங்கூட்டு பொண்ணு கூட விடறதில்ல."

எழுந்துவிடலாமா? வயிற்று வலி என்று சொல்லலாம். எழுந்தால் மட்டும், நான் இல்லாத இடத்தில் அவள் பார்க்கமாட்டாளா? பாட்டு போட்டுவிட்டார்கள். ஹீரோ காரில் வருகிறான், கூட்டாளிகள் பின் சீட்டில் அடித்துக்கொள்கிறார்கள், கேன்டீன் முழுக்க ஒரே கலகலப்பு. அருவி வந்தது. பாறை வந்தது. பிரியாணிப் பொட்டலம் கூட வந்துவிட்டது. செல்வின் வாயைத் திறந்தான். எங்க ஃபாக்டரில ஒரு பொம்பள மச்சி, சினிமா பைத்தியம்...

என்னது?

குண்டாக ஒரு பெண், தலை நிறையப் பூ, மேட்னிக்குப் போகிற அவசரத்தில் ரெண்டு இடது காலையும் ஒரே பெட்டியில் திணிக்கிறாள். ஸ்டாம்ப் பேடில் மை காய்ந்துகிடக்கிறது, சுற்றுமுற்றும் பார்க்கிறாள், பக்கத்து டீ கிளாசில் ஸ்டாம்பை ஒரு தோய் தோய்த்து, பேடில் தேய்த்து, டம் டம்மென்று குத்துகிறாள். அங்கே ஜெர்மனியில் ஒரு வெள்ளைக்காரர் ரெண்டு இடது காலை மாட்டிக்கொண்டு நடுரோட்டில் வட்டமாகவே நடக்கிறார். முந்நூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், எவனோ மேசையைத் தட்டினான். அப்பாடா என்றிருந்தது இன்பராஜுக்கு, முதுகில் வேர்வை ஓடியது, பிரேம்நாத் தெய்வம்டா நீ, மாத்தி எழுதி என்னைக் காப்பாத்திட்டியே... மாற்றி எழுதினானா? எங்க ஃபாக்டரில ஒரு பொம்பள மச்சி. அந்த இழுப்பு, அந்த மச்சி, அது யாருடைய வார்த்தை? பாறைமேல் பூவரசன் இவன் தோளில் கைபோட்டு, நம்ம கூட்டத்துல இவன் ஒருத்தன்தான்டா யோக்கியன் என்று சொன்ன அடுத்த நிமிடம்தான் இவன் ஆரம்பித்தான். அந்தக் கை தோளைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து, இப்படித்தான் ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது நிஜம். சிரித்ததில் வந்தது. சீ, இவ்வளவு நாள் எதை நினைத்துத் தூங்கினேன்? அங்கேயும் அவள் தலையில்தான் போட்டிருக்கிறேன், பூ வேறு வைத்து, பைத்தியம் என்று பெயர் வேறு வைத்து. டீயை மட்டும் மாற்றத் தோன்றவில்லை. டீயில் தோய்த்தது இந்தக் கைதான்.

சிரிப்பு அடங்கவில்லை. மூன்று மேசை தள்ளி ஒருத்தி, ஏய் முத்துமாரி, உன்ன மாதிரியே கீதுடி என்று கத்தினாள், பழைய ஆட்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். முத்துமாரி சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், விளம்பரம் வந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா."

"இன்னாமா."

"அந்தச் சீட்டுல டீக்கறதான்ணா இருந்துச்சு. ஆபீசுல என் கையில குடுத்துப் பார்க்கச் சொன்னாங்க, மோந்து கூடப் பார்த்தேன். நான் டீயே குடிக்க மாட்டேனே, எப்பிடி வந்துச்சுன்னு அப்போலேர்ந்து ஒரே பேஜாரு. யாராண்டயும் சொன்னதில்ல, எங்கூட்டுக்காரர் கிட்ட கூட." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இவங்களுக்கு எப்பிடிண்ணா தெரிஞ்சுது?"

பிரேம்நாத் சும்மா காமெடிக்குப் போட்டிருப்பான்மா. பதில் அச்சடித்த மாதிரி நாக்கு நுனிக்கு வந்து நின்றுவிட்டது, அவன் கூப்பிடவே இல்லை, தானாக வந்தது, ஆபீசில் வந்த மாதிரி, பாறைமேல் வந்த மாதிரி. காலையிலிருந்து பிரேம்நாத்துக்கும் முந்நூறு பேருக்கும் பயந்தது எல்லாம் வீண், பயப்பட வேண்டியது இந்த நாக்குக்கு. அவள் கேட்ட விதத்தில் சந்தேகமே இல்லை, அண்ணன் உள்ளதைச் சொல்வார் என்று நம்பிக் கேட்கிற கேள்வி அது. வாயைத் திறந்தால் எது வரும் என்று அவனுக்கே தெரியவில்லை. முத்துமாரி எடுத்த சோற்றை டப்பாவிலேயே வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.