காலடியில் மகிஷன்

கால் இறங்கிக்கொண்டிருக்கிறது, மருதாணியிட்ட கால், சலங்கை கட்டிய கால், கிணற்றுக்குள் கயிறு கட்டி இறக்குகிற பாறாங்கல்லைப் போல அவசரமே இல்லாமல், கீழே மல்லாந்து கிடக்கிற மார்பை நோக்கி, அந்த மார்பு மூச்சை உள்ளே இழுத்து அப்படியே நிறுத்திக்கொள்கிறது, எருமைத் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, மிருதங்கம் வெறிபிடித்து அடிக்கிறது, சிவப்பு விளக்கு, சாம்பிராணிப் புகை, முன்வரிசையில் யாரோ இருமுகிறார், கால் பதிகிறது, பதிகிற இடத்தில் விலா எலும்பு ஒன்று ஏற்கெனவே கீறல் விட்டிருக்கிறது, அது இந்த மண்டபத்தில் இரண்டே பேருக்குத் தெரியும், எலும்புக்குச் சொந்தக்காரிக்கும் எனக்கும், மத்தியானச் சாப்பாடு முடிந்து கண்ணசந்தால் இன்றைக்கும் இந்த இடத்தில்தான் வந்து விழுகிறேன், என் மனைவி சொல்கிறாள், தூக்கத்துல நெஞ்சப் புடிச்சுக்கிறீங்க, டாக்டரைப் பாருங்கன்னா கேக்க மாட்டேங்கறீங்க, நான் சொல்கிறேன், இது என் நெஞ்சு இல்லடி, பிலோமினாவோட நெஞ்சு, அவள் பார்க்கிற பார்வையில் நான் போக வேண்டிய டாக்டர் மாறிவிடுகிறார்.

அந்தக் காலத்து மெட்ராஸில் இதை பாலே என்றார்கள், நோட்டீசில் மேலே மகிஷ வதம், கீழே கொட்டை எழுத்தில் பாலே, நாட்டிய நாடகம் என்று போட்டால் ஜனங்கள் வெற்றிலைச் செல்லத்தோடு வருவார்கள், பாலே என்றால் பட்டும் சென்ட்டுமாக வருவார்கள் என்பது சபா செயலாளரின் கண்டுபிடிப்பு, நிஜ பாலேயும் எனக்குத் தெரியும், வெளிநாட்டுக் குழு ஒன்று வந்தபோது மழையில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, ஆசையில் மேடையை முட்டுகிற வரிசையில் உட்கார்ந்தேன், அது தப்பு, பாலேயைத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும், தூரத்தில் அது காற்று, இறகு, நிலா வெளிச்சம், பக்கத்தில் அது துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற சத்தம், அந்த வெள்ளை தேவதை தாவி இறங்கிய ஒவ்வொரு முறையும் பலகை அதிர்ந்து என் கடைவாய்ப் பல்லில் கேட்டது, காலணி நுனியில் ஏதோ சிவப்புப் பூ தைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன், பூ பெரிதாகிக்கொண்டே போனது, அவளைத் தூக்கியவனின் கழுத்து நரம்பு கொலை செய்யப் போகிறவனுடையது போலப் புடைத்தது, அவளோ சிரித்துக்கொண்டே இருந்தாள், பல் வைத்தியர் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிற பல்செட் போல ஒரு சிரிப்பு, அன்றைக்கு எனக்குப் புத்தி வந்தது, முகம் வெறும் விளம்பரம், பாதம்தான் சரக்கு, அந்தக் கண்ணோடுதான் மகிஷ வதத்துக்குப் போனேன், தேவி வேடத்தில் சௌதாமினி அம்மையார், குழுவின் தலைவி, நாட்டியப் பேரருவி, அந்தப் பட்டத்தைத் தானே யோசித்து, தானே கமிட்டி போட்டு, மேடையில் தானே திடுக்கிட்டு வாங்கிக்கொண்டவர், பேரருவி ஆடினார் என்று பத்திரிகைகள் எழுதும், அவர் நகைகள் ஆடின, அவர் நின்றார், ஆடியது மகிஷன், முகமூடிக்குள் இருப்பது ஆணா பெண்ணா தெரியாது, அந்தக் கறுத்த நீளமான கால்கள் மேடையைக் கத்தரிக்கோல் துணியை வெட்டுவதுபோல வெட்டிக்கொண்டு போயின, அடி வாங்கின, சுருண்டன, சுருண்ட இடத்திலிருந்து சுருள் வில்லாகத் தெறித்து எழுந்தன, நான் என்னை அறியாமல் கைதட்டினேன், பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பி, அசுரனுக்குக் கை தட்டறீரே ஓய், நீர் எந்தக் கட்சி, என்றார்.

ஆட்டம் முடிந்து பின்வாசலில் நிற்பேன், ரசிகன் என்றால் கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாதவன், கொம்பும் முகமூடியும் கழன்று ஒரு பெண் வெளியே வருகிறாள், நைலக்ஸ் புடவை, தோளில் ஜோல்னாப் பை, பிலோமினா, பெரம்பூர், அப்பா ரயில் பட்டறையில் இரும்படிப்பவர், என்ன சார், என்கிறாள், நான் சாவறதப் பாக்கவே டிக்கெட் வாங்கினு வர்ற ஆளு மெட்ராஸ்லயே நீங்க ஒருத்தர்தான், உங்க பாதம் என்று நான் ஏதோ இலக்கியமாக ஆரம்பிக்கிறேன், பாதத்த வுடுங்க சார், இதப் பாருங்க என்று முழங்கையைத் திருப்பிக் காட்டுகிறாள், கறுப்புத் திராட்சைக் கொத்துபோல ரத்தம் கட்டியிருக்கிறது, சூலம் முதலில் மரத்தில்தான் இருந்தது, ஜிகினாத்தாள் ஒட்டிய மரம், தேவியின் கையில் சாம்பார் கரண்டியா என்று எவனோ ஒரு விமர்சகன் எழுதப்போக, கும்பகோணத்தில் சொல்லிப் பித்தளையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டார் பேரருவி, நுனியைக் கொஞ்சம் மழுக்கிடலாமேம்மா என்று தண்டபாணி நட்டுவனார் கேட்டாராம், மழுக்கினா மின்னாது வாத்தியாரே என்றாராம், ஓங்கிக் குத்துவார், பாவனையாக நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த மாட்டார், கலை உணர்ச்சி, ஆனா அடி ஒண்ணும் பெரிசில்ல சார், என்றாள் பிலோமினா, பஸ் ஸ்டாப்பில் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தபடி, செத்ததுக்கு அப்புறம்தான் கஷ்டமே.

அது உண்மை, வேறு குழுக்களில் வதம் முடிந்ததும் திரை விழும், அசுரன் எழுந்து போய் டீ குடிப்பான், இங்கே திரை விழாது, அது பேரருவியின் சொந்தக் கற்பனை, மகிஷன் மார்பில் கால், கையில் சூலம், அந்தக் கோலத்திலேயே மங்களம், கற்பூரம், அந்தக் கோலத்திலேயே தலைமை விருந்தினர் மேடையேறி வந்து பொன்னாடை, பாராட்டுரை, போட்டோ, நாலா பக்கமும் பிளாஷ், அவ்வளவு நேரமும் மகிஷன் செத்துக் கிடக்க வேண்டும், மூச்சு வுடக் கூடாது சார், வயிறு ஏறி எறங்குனா அக்கா கட்டை வெரலால அமுக்கும், போன மாசம் ஒரு பெரிய மனுசன் பெண் விடுதலையப் பத்திப் பேசுனாரு பாருங்க, முக்கா மணி நேரம், என் மூக்குல எறும்பு ஏறிடுச்சு, அது உள்ள போயி வெளிய வந்து திரும்ப உள்ள போச்சு, விடுதலை வரல, சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள், சிரிப்பு பாதியில் அறுந்து விலாவைப் பிடித்துக்கொள்கிறாள், என்ன ஆச்சு என்கிறேன், ஒத்திகையில அக்கா குதிச்சு ஏறுச்சு சார், எக்ஸ்ரே எடுத்தேன், கோடு வுட்டுருக்குதாம், படுத்துக் கெடக்கணும்னாரு டாக்டரு, நானும் அதத்தான பண்றேன், படுத்துத்தான கெடக்கறேன், சொல்லிட வேண்டியதுதானே என்கிறேன், ஐயோ சார், அக்காவுக்குத் தெரிஞ்சா உனக்கு எதுக்குடி எருமை கஷ்டம்னு வேற ஆளப் போட்டுரும், இன்னும் ஒரு ஆட்டம், வெள்ளி விழா ஆட்டம், அத செத்துக் குடுத்துட்டா கோயமுத்தூர்ல நான்தான் தேவி, வாத்தியார் முன்னாடி அக்கா குடுத்த வாக்கு, எங்கம்மா மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தி வச்சிருக்குது, மாதா கிட்ட போயி தேவி வேசம் கேக்கறியேம்மான்னேன், அதெல்லாம் அவங்களுக்குள்ள பேசிப்பாங்கடீன்னுச்சு, பஸ் வருகிறது, படிக்கட்டில் ஏறும்போதும் அந்தக் கால்கள் ஏறவில்லை, மிதந்தன, இதை நான் கற்பனை செய்துகொண்டிருக்கலாம், அந்த பஸ்ஸில் மிதக்கிற அளவுக்கு இடம் இருந்ததே இல்லை.

வெள்ளி விழா, மண்டபம் நிரம்பி வழிகிறது, முன்வரிசையில் பட்டு, ஜரிகை, வைரத்தோடு, எல்லோரும் கலைக்காக வந்திருக்கிறார்கள், போட்டோவுக்கு வசதியாக உட்கார்ந்திருக்கிறார்கள், சண்டை தொடங்குகிறது, அன்றைக்குப் போல பிலோமினா ஆடி நான் பார்த்ததில்லை, விலாவைக் காப்பாற்ற ஒரு தோளை இறக்கி ஆடுகிறாள், அந்த இறங்கிய தோள் காயம்பட்ட மிருகத்தினுடையதாகவே இருக்கிறது, எருமை முட்ட வருகிறது, சூலம் பாய்கிறது, தொடையில் ஒரு குத்து, கறுப்பு வேட்டியில் ஈரம் படர்கிறது, கறுப்பில் ரத்தம் தெரியாது, விளக்குப் பட்டு மின்னும், ஆஹா என்கிறார் எனக்குப் பின்னால் ஒருவர், முதுகில் சூலத்தின் கட்டை, கழுத்தில் முழங்கை, பேரருவி பல்லைக் காட்டிக்கொண்டு அடிக்கிறார், பிலோமினா பலகை அதிர விழுகிறாள், கால் இறங்குகிறது, இறங்கிப் பதிகிறது, முகமூடிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வருகிறது, பால் கொதித்து அடங்குகிறபோது வருமே அப்படி ஒரு சத்தம், கற்பூரம் காட்டுகிறார்கள், முன்னாள் துணைவேந்தர் முனைவர் அடைக்கலராசன் ஏறி வருகிறார், மகிஷனின் கையை மிதிக்காமல் தாண்டத் தெரியாமல் மிதித்துவிட்டே தாண்டுகிறார், சக்தி என்பது யாது, என்று தொடங்குகிறார், சக்தி என்பது தாங்குவது, சக்தி என்பது பொறுப்பது, நான் அந்த மார்பையே பார்க்கிறேன், அது ஏறவில்லை, இறங்கவில்லை, சக்தி என்பது மௌனம், என்று இன்னும் அரை மணி நேரம் மௌனத்தைப் பற்றிப் பேசுகிறார், பொன்னாடை விழுகிறது, பேரருவி எடையை மார்பில் ஊன்றிய காலுக்கு மாற்றிக்கொண்டு மைக்கைத் தன் பக்கம் இழுக்கிறார், ரசிகப் பெருமக்களே, அடுத்து கோவையில் வேறு யாரோ தேவி என்று ஒரு வதந்தி, என் உடம்பில் உயிர் இருக்கிற வரைக்கும் இந்தச் சூலம் இன்னொரு கைக்குப் போகாது, மண்டபம் இடிகிற மாதிரி கைதட்டல், அதற்கு நடுவில், நான் உட்கார்ந்திருக்கிற முன்வரிசைக்கு மட்டும் கேட்கிறாற்போல, தரையிலிருந்து ஒரு குரல், அக்கா, கால எடு, பேரருவி சிரிப்பு மாறாமல், உதடு அசையாமல், பொணம் பேசாதுடி, படு, என்று சொல்லிக் கட்டை விரலால் அழுத்துகிறார், அழுத்துகிறார், எலும்பின் சத்தத்தை நான் கேட்டேன், சுள்ளி ஒடிகிற சத்தம், இல்லை, கேட்டிருக்க முடியாது, அவ்வளவு கைதட்டலில், ஆனால் கேட்டேன்.

மகிஷனின் கை எழுந்து மருதாணியிட்ட கணுக்காலைப் பிடித்தது, பிடித்துத் திருகியது, நாட்டியப் பேரருவி தன் மேடை வாழ்வில் முதல்முறையாகத் தரையை விட்டு மேலே எழுந்தார், எழுந்து கிரீடம் ஒரு பக்கம், சவுரி ஒரு பக்கம், பொன்னாடை ஒரு பக்கமாகத் துணைவேந்தர் மேல் விழுந்தார், இரண்டு பேர் அசைவதைப் பார்த்த மிருதங்கக்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை, வருஷக்கணக்கான பழக்கம், சண்டை ஜதியை எடுத்துவிட்டார், நட்டுவனாரும் தாளத்தைத் தட்டிவிட்டார், சனியன்களா நிறுத்துங்கடா என்று பேரருவி கத்தியது தாளத்துக்குள் அழகாக விழுந்தது, ஆஹா, புது சங்கதி, என்றார் எனக்குப் பின்னால் அதே ஆள், பேரருவி சூலத்தை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி அடிக்கிறார், கொம்பு முறிகிறது, அடுத்த அடியில் காகிதக் கூழ் முகமூடி பிளந்து விழுகிறது, உள்ளே வியர்வையில் குளித்த பிலோமினாவின் முகம், கீழுதடு கிழிந்து பல்லெல்லாம் சிவப்பு, மண்டபம் முதல்முறையாக அந்த முகத்தைப் பார்க்கிறது, ஐயையோ பொண்ணு, என்கிறாள் ஒரு வைரத்தோட்டுக்காரி, நீ எருமைடி, உனக்குத் தேவி கேக்குதா, என்று தோளில் குத்துகிறார் பேரருவி, இந்த முறை பித்தளை உள்ளே போகிறது, நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்துகிறேன், அடி பிலோமினா, நானும் பட்டுச்சட்டைதான் போட்டிருக்கிறேன், என் தொண்டையிலிருந்து கோழிச்சண்டையில் கேட்கிற குரல் வருகிறது, அவள் தன் தோளிலிருந்து சூலத்தைப் பிடுங்குகிறாள், பிடுங்கிய வேகத்தில் சுழல்கிறாள், அந்தச் சுழலை, ரத்தம் வட்டமாகத் தெறித்து முதல் வரிசைப் பட்டுகளில் விழுந்த அந்த ஒரு சுழலை, எந்த வெள்ளை தேவதையும் ஆடி நான் பார்த்ததில்லை, சூலத்தின் கட்டை பேரருவியின் முழங்காலுக்குப் பின்னால் விழுகிறது, பேரருவி மல்லாந்து விழுகிறார், பலகை அதிர்ந்தது, இதன் பிறகு எந்தக் குழுவும் பிலோமினாவைச் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை, சபாக்கள் எல்லாம் கூடி அவள் பெயரையே உச்சரிக்கக் கூடாது என்று முடிவு செய்யப் போகின்றன, ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் நிஜமாகவே படுத்துக் கிடக்கப் போகிறாள், ஆரஞ்சுப் பழத்தோடு போய் நிற்கிற என்னிடம், கோயமுத்தூர்ல ஆடலன்னா என்ன சார், மெட்ராஸ்ல ஆடிட்டேன்ல, என்று சொல்லப் போகிறாள், அது அவளுக்கும் தெரியும், அந்த நொடியிலேயே தெரியும், மிருதங்கம் முடிவு ஜதியான தீர்மானத்தை வைத்து நின்றுவிட்டது, மண்டபத்தில் ஒருவரும் இருமவில்லை, சூலம் கீழே கிடப்பவரின் தொண்டைக்கு நேராக நிற்கிறது, குத்திவிடுவாள் என்று நினைத்தேன், குத்த வேண்டும் என்றும் நினைத்தேன், அவள் சூலத்தைத் திருப்பி ஊன்றிக்கொண்டு, ஒரு பக்கம் இறங்கிய தோளோடு, அவசரமே இல்லாமல், ரத்தம் வடிகிற கறுத்த நீளமான காலைத் தூக்குகிறாள், இறக்குகிறாள், ஜரிகை மார்பின் மேல் பதிக்கிறாள், நிமிர்ந்து போட்டோக்காரர்களை ஒரு பார்வை, பிறகு மைக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிற துணைவேந்தரைப் பார்த்து, நீங்க பேசுங்க சார், என்கிறாள், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆகவே சக்தி என்பது, என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கிறார், பிளாஷ் வெட்டுகிறது, முன்வரிசை ரத்தப் பொட்டுகளோடு கைதட்டுகிறது, காலுக்குக் கீழே நாட்டியப் பேரருவி மூச்சை உள்ளே இழுத்து அப்படியே நிறுத்திக்கொள்கிறார்.