ஒரு மயிரிழை வெளியே

"வெளிய வந்துடிச்சாம்" என்று சொல்லிக்கொண்டு தாண்டவராயன் ஆஸ்பத்திரியிலிருந்து மண்ணூருக்குத் திரும்பிய அன்றே அவருடைய அக்காள் மகள் அம்சவல்லியின் கல்யாணம் முடிவாகிவிட்டது. அவளுடைய அப்பா பரசுராமனுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். சுரப்பியையே அறுத்து எடுத்திருந்தார்கள். ஆனால் நோய் அதைத் தாண்டிவிட்டதாம். இனி என்ன இருக்கிறது? மச்சான் உயிரோடு இருக்கும்போதே ஆவணியில் தாலி ஏறிவிட வேண்டும். ஆசிரியப் பயிற்சியின் இரண்டாம் வருஷத்தை அம்சவல்லி மறந்துவிட வேண்டியதுதான். பரசுராமனிடம் மட்டும், 'வெறும் கட்டி' என்று சொல்லி வைத்தார்கள்.

அடுத்த முறை பட்டணம் போகவேண்டிய நாளில் தாண்டவராயனுக்குப் பந்தல்காரனைப் பார்க்கும் வேலை இருந்தது. அம்சவல்லிதான் அப்பாவை அழைத்துப்போனாள்.

வழக்கம்போல் நோயாளியை வெளியே உட்காரச் சொன்ன டாக்டர், "ஆம்பளைங்க யாரும் வரலியாம்மா?" என்றார்.

"நான்தான் வந்திருக்கேன் டாக்டர். எவ்ளோ தூரம் வெளிய வந்திருக்கு?"

டாக்டர் நிமிர்ந்தார். "உங்க மாமா இதைக் கேக்காமலே எழுந்து போயிட்டாரு. ஒரே ஒரு இடத்துல, ஒரு மயிரிழை. பக்கத்துல இருக்கற விந்துப்பைக்குப் போகல. நெறிக்கட்டிலயும் இல்ல. வெட்டின ஓரத்துல நோய் இல்லாம சுத்தமா இருக்கு. அங்கெல்லாம் பரவியிருந்தா நானே வேற மாதிரி பேசுவேன்."

"அப்போ நைனாவுக்கு?"

"இந்த மாதிரி நிறையப் பேர் பல வருஷம் நல்லா இருக்காங்க. சிலருக்குத் திரும்ப வரும். நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தவங்களைவிட இவருக்கு அந்த ஆபத்து கொஞ்சம் அதிகம். தவறாம வந்து காட்டணும்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அமர்ந்திருந்த பரசுராமன் மெல்லக் கேட்டார்: "இன்னாம்மா சொன்னாரு? கட்டின்னு மட்டும் சொல்லாத."

அம்சவல்லி ஒன்றையும் மறைக்கவில்லை. திரும்ப வரலாம் என்பதையும் சொன்னாள். வெளியே ஏரித் தண்ணீர் வெயிலை வாங்கித் தகடாய்க் கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்டலத்தில் பஸ் நின்றதும் எழுந்து நின்றார். அறுவைக்குப் பிறகு அவருக்குச் சிறுநீரை அடக்க முடிவதில்லை.

"போ பெரியவரே, ஏரியை ரொப்பிட்டு சீக்கிரம் வா!" என்றான் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. பரசுராமனும் சிரித்தார், அறுவைக்குப் பிறகு முதல்முறையாக.

ஸ்ரீபெரும்புதூரில் தாண்டவராயன் காத்திருந்தார். "மச்சான், பந்தலுக்குச் சொல்லிட்டேன்."

"வேணாம்னு சொல்லிடு. பொண்ணு படிச்சு முடிக்கட்டும்."

"அதுக்கில்ல மச்சான்... உனுக்குத் தெரியாது..."

"தெரியும். நீ பாதி கேட்டுகினு ஓடியாந்துட்ட. மீதிய இவ கேட்டுகினு வந்துகீறா," என்று சொல்லிவிட்டு மண்ணூர் வண்டியைத் தேடி நடந்தார் பரசுராமன். ஆஸ்பத்திரிச் சீட்டுகள் வைத்த பை அம்சவல்லியின் கையில் இருந்தது.