ஏழு சமக்குறிகள்

பாகம் பிரித்த மறுநாள் காலை, கோட்டம்மாவின் வீட்டு நடுவில் ஏழு சமக்குறிகள் நின்றிருந்தன. ஒவ்வொன்றும் ஆள் உயரம், நல்ல கறுப்பு, தொட்டால் லேசான வெதுவெதுப்பு. அவற்றுக்குக் கிழக்கே ஏழு அம்புமுனைகளும் மேற்கே ஏழு அம்புமுனைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வரிசை கட்டியிருந்தன. வாசல் நிலைக்கு மேலே, வண்டிச் சக்கரம் அளவில் ஒரு மஞ்சள் முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறியோடு தொங்கியது. பால்காரர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு அரை லிட்டர் போதுமா என்று மட்டும் கேட்டார்.

அந்த ஊரில் கட்டடங்கள் வரைபடம் சொன்னபடி கேட்பவை. அப்படி ஆனதற்கு ஆமை என்று பட்டப்பெயர் வாங்கிய கணினிக்காரர்தான் காரணம். கோட்டம்மா முப்பத்தோரு வருடம் கோடு போட்ட நகர வரைபட அலுவலகத்தில் அவர் ஒருநாள் எதையோ நிறுவினார். அன்று முதல் கணினியில் இருந்த ஒவ்வொரு கோப்புறையின் மூலையிலும் ஒரு குட்டி அடையாளம் முளைத்தது. பச்சை டிக் என்றால், எல்லாருக்கும் பொதுவான மூலப் பிரதி இருக்கும் பெட்டகத்தில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றே. சிவப்பு ஆச்சரியக்குறி என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள், இன்னும் பெட்டகத்தில் சேர்க்கவில்லை. மஞ்சள் முக்கோணம் என்றால் ஒரே கோட்டில் இரண்டு பேர் கை வைத்துவிட்டார்கள், ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும்; அதுவரை இருவர் எழுதியதற்கும் நடுவே ஏழு சமக்குறிகளும், இரண்டு ஓரத்திலும் ஏழேழு அம்புமுனைகளும் நிற்கும். மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் பட்டியல் இறங்கும்: சேர், பழையபடி ஆக்கு, யார் போட்டது என்று காட்டு. மூன்றே வாரத்தில் ஊர்க் கட்டடங்களும் இதற்குப் பழகிவிட்டன. ஒரு குமாஸ்தாவின் கை வழுக்கியதில் தபால் நிலையத்து மாடிப்படி எதிர்வீட்டுக்குப் போய்ப் பதினோரு மாதம் தங்கிவிட்டு வந்தது. அதுவரை தபால்காரர்கள் கயிற்றில் ஏறி இறங்கி ஆளுக்கு எட்டு கிலோ இளைத்தார்கள். ஆறு வருடம் முன்பு இடித்த சலூன் ஒன்றைப் பழையபடி ஆக்கியபோது, பாதி சவரத்தோடு ஒரு வாடிக்கையாளரும் கூடவே வந்தார். மீதியையும் வழித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஆகவே, தன் காலத்திலேயே வீட்டைப் பிரித்துவிட நினைத்த கோட்டம்மாவுக்கு வக்கீலைவிட வலது பொத்தானில்தான் நம்பிக்கை. மூத்த மகன் மருந்துக் கம்பெனிக்கு ஊர் சுற்றி விற்பவன், இளையவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இருவரும் ஒரே தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு மூடி போட்டவர்கள். வீட்டுக்கு வரும் ஒரே செய்தித்தாளைக் கத்தரிக்கோலால் நெடுக்காக வெட்டி, ஆளுக்குப் பாதி வரி படித்தவர்கள். "ஒரே ரூம்ல உக்காந்தா அடிச்சுக்குவீங்கடா. அவனவன் கம்ப்யூட்டர்ல அவனவன் வரைஞ்சு அனுப்புங்க, சேர்க்கிற வேலையை அது பாத்துக்கும்" என்றாள். கிழக்குப் பாதி பெரியவனுக்கு, மேற்குப் பாதி சின்னவனுக்கு என்று மட்டும் சொல்லிவைத்தாள். வரைந்து அனுப்பினார்கள். மொத்தம் நானூற்றாறு கோடுகள். நானூற்றைந்து கோடுகள் மறுபேச்சில்லாமல் ஒட்டிக்கொண்டன. சமையலறை, மாடி, தண்ணீர்த் தொட்டி, சுவரில் இருந்த விரிசல்கூட ஆளுக்குப் பாதியாகப் பிரிந்தது. கோட்டம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது ஒரே ஒரு கோட்டில் மட்டும் மஞ்சள் முக்கோணம் உட்கார்ந்திருந்தது.

அம்மா அறை எங்கே என்று எழுதும் கோடு அது. பெரியவன் எழுதியிருந்தான்: மேற்குப் பாதியில். சின்னவன் எழுதியிருந்தான்: கிழக்குப் பாதியில். இரண்டுக்கும் நடுவே ஏழு சமக்குறிகள்.

மறுநாள் விடிந்ததும் அவள் படுத்திருந்த அறையைக் காணோம். கட்டில், அலமாரி, டீப்பாய் எல்லாம் சமக்குறிகளின் இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே இருந்த மூன்றடிச் சந்தில் வரிசையாக நின்றன. கட்டில் நீளவாக்கில் அளவெடுத்ததுபோலப் பொருந்தியிருந்தது. அவள் அதில் எழுந்து உட்கார்ந்தபோது, கிழக்கே இருந்து பெரியவனும் மேற்கே இருந்து சின்னவனும் கறுப்புக் கம்பிகளின் இடைவெளியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேற்குல காத்து நல்லா வருமேன்னுதாம்மா" என்றான் பெரியவன்.

"காலை வெயில் உடம்புக்கு நல்லதும்மா. கிழக்குல இருந்தா அது தானா கிடைக்கும்" என்றான் சின்னவன்.

"மெஷின் கோளாறா இருக்கும் அத்தை" என்றாள் பெரிய மருமகள். "ரெண்டு பேரும் உங்க நல்லதுக்குத்தானே எழுதியிருக்காங்க" என்றாள் சின்ன மருமகள்.

"இருபது வருஷமா ஒரு விஷயத்துல ஒத்துப்போனதில்ல நீங்க ரெண்டு பேரும்" என்றாள் கோட்டம்மா. "கடைசியில ஒண்ணுல ஒத்துப்போயிட்டீங்க. நல்லா இருங்க."

முக்கோணம் தொங்கும் வரை பெட்டகத்தில் வேறு எதையும் சேர்க்க முடியாது. அதனால் பகலில் பெரியவன் கட்டும் குளியலறை காலையில் இருக்காது; செங்கல்கள் வந்த லாரியில் இருந்த வரிசையிலேயே வாசலில் கிடக்கும். சின்னவன் பூசிய சுவர் இருபத்திரண்டு தடவை உதிர்ந்தது. பெயின்ட் தானாகவே டப்பாவுக்குள் திரும்பி மூடிக்கொண்டது. கோப்புறை கோட்டம்மா பெயரில் இருந்ததால் அவள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரியவன் எழுதியதை வைத்தால் அவள் சின்னவனிடம் போவாள், சின்னவன் எழுதியதை வைத்தால் பெரியவனிடம். இங்கேதான் அந்த ஊர் அதுவரை காணாத அதிசயம் தொடங்கியது. அண்ணன் தம்பியைப் புகழத் தொடங்கினான். "சின்னவன் பொண்டாட்டி மாதிரி கைப்பக்குவம் யாருக்கும்மா வரும்? உப்பு போடுறதுலயே ஒரு கணக்கு வச்சிருக்கா." தம்பி அதற்கு ஒருபடி மேலே போனான். "அண்ணன் வீட்டுல என்ன அமைதி! அங்க கொசுகூடச் சத்தம் போடாதும்மா." இப்படி மூன்று வருடம். தெருவில் இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து, சகோதர பாசம் என்றால் இதுதான் என்று வாசலில் நின்று காட்டிவிட்டுப் போனார்கள். கோட்டம்மா இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு, கம்பிக்கு நடுவே தலை சீவிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வருடக் கடைசியில் அலுவலகத்துக்குப் போய் ஆமைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டாள். அவர் வீட்டுக் கோப்புறையில் வலது பொத்தானை அழுத்தி, பழைய பதிவுகளையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டினார். இருபத்தேழு வருடத்துப் பதிவுகள். ஆகப் பழையது, ஒரு விடுமுறையில் அலுவலகத்துக்குக் கூட வந்த பெரியவன் ஒன்பது வயதில் வரைந்தது. அதில் அம்மா அறை மட்டும்தான் இருந்தது. தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குள் நுழைந்து, அவர்கள் அடுப்பு வரைக்கும் போயிருந்தது. அதற்கு அடுத்த பதிவில், ஆறு வயதுச் சின்னவன் அந்த அறைக்குள் தனக்கும் ஒரு கட்டில் போட்டிருந்தான்.

"பழையபடி ஆக்கிடலாமாக்கா? ஒரு அமுக்குதான்" என்றார் ஆமை.

"ஆக்கினா வீடு திரும்பும். அவனுங்க?"

ஆமை மவுஸை விட்டுக் கையை எடுத்தார். "வளந்த ஆளுங்களைத் திருப்பிச் சின்னப் பிள்ளையாக்குற வசதி வரலக்கா. கேட்டு எழுதியிருக்கேன், பதில் இல்ல."

"வந்தாலும் வேணாம். மறுபடியும் வளத்து ஆளாக்க எனக்குத் தெம்பில்ல."

அவள் பட்டியலில் இன்னும் கீழே போனாள். என்னுடையதை வை, அவருடையதை வை, அதற்கும் கீழே, தீர்ந்தது. எந்தக் கோடு நிலைக்கும் என்று முடிவுசெய்து, அம்புகளையும் சமக்குறிகளையும் அழித்த பிறகுதான் அதை அழுத்த வேண்டும். அழிக்காமலே அழுத்திவிடுவது புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் செய்கிற தப்பு. அந்தத் தப்புக்காகக் கோட்டம்மா எத்தனையோ பேரை ஸ்கேலால் மேசையைத் தட்டித் திட்டியிருக்கிறாள். அதில் இரண்டு பேர் அழுதுகொண்டே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போனார்கள். இப்போது ஒரு குறியையும் அழிக்காமல் அவளே அழுத்தினாள். என்ன மாற்றினீர்கள் என்று கேட்டு ஒரு பெட்டி திறந்தது. கொஞ்சமும் யோசிக்காமல் தட்டினாள்: இரண்டு மகன்களும் சொன்னபடியே.

"அக்கா, இது அப்படியே நின்னுடும்க்கா. அப்புறம் சந்துதான்" என்றார் ஆமை.

"ஒருத்தன்கிட்ட போனா இன்னொருத்தன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்யா. அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் குடுக்க மனசு வரல" என்றாள் கோட்டம்மா.

அவள் வீடு திரும்புவதற்குள் முக்கோணம் கழன்று விழுந்து, இரண்டு பாதிகளின் மூலையிலும் பச்சை டிக் வந்திருந்தது. சமக்குறிகள் சிமென்டாக இறுகிவிட்டன. அந்த வாரமே குளியலறை நின்றது, பூச்சு ஒட்டியது, பெயின்ட் டப்பாவுக்குத் திரும்பவில்லை. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் புகழ்வதை அன்றோடு நிறுத்திவிட்டு, செய்தித்தாளை மறுபடி நெடுக்காக வெட்ட ஆரம்பித்தார்கள். இரண்டு மருமகள்களும் துணி காயப்போட அந்தக் கம்பிகள் தோதாக இருப்பதைக் கண்டுகொண்டார்கள். கோட்டம்மா இரண்டு வீட்டு ஈரத் துணிகளுக்கு நடுவே பதினாறு வருடம் இருந்தாள். கிழக்கிலிருந்து ஒரு வேளையும் மேற்கிலிருந்து ஒரு வேளையும் தட்டு வந்தது. மூன்றாம் வேளையை இருவருமே மற்றவன் கொடுத்திருப்பான் என்று நம்பினார்கள்.

வரைபட அலுவலகத்தில் யாரும் அந்தச் சந்து தப்பு என்று குறிக்கவில்லை. முதலில் பக்கத்துத் தெருவில் ஒருவர் அதேபோல வேண்டும் என்று கேட்டு வந்தார், பிறகு அடுத்த பேட்டையில் நான்கு பேர். இப்போது இரண்டு பிள்ளைகள் உள்ள வீடு என்று மனுவில் எழுதினாலே போதும், யாரும் கேட்காமலே குமாஸ்தாக்கள் நடுவில் மூன்றடி விட்டு வரைந்துவிடுகிறார்கள். கட்டில் உள்ளே போகுமா என்று மட்டும் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்கிறார்கள்.