துரு பாடாமல் விட்ட பாட்டு

நண்டுக் கூடையின் மேல் ஈரச் சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் மோகனப்ரியா அந்தப் போஸ்டரைப் பார்த்தாள். எண்ணூர் மார்க்கெட்டின் எதிர்ச்சுவரில் பசை காயாமல் பளபளத்தது. மேலே ஆற்றோரத்து எண்ணெய்க் கம்பெனியின் சின்னமான பச்சை இலை. அதன் கீழ் ‘நம்ம கடற்கரைத் திருவிழா, அனுமதி இலவசம்’. அதற்கும் கீழே, அவள் புடவைக்கு மேல் போட்டிருந்த கறுப்பு டீ-ஷர்ட்டில் இருக்கும் அதே கோணல் எழுத்துகளில் ‘துரு’.

“இன்னா மோகனா, உன் ஆளுங்க நம்ம ஏரியாவுக்கே வர்றாங்களாமே!” என்று பக்கத்தில் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தினாள்.

துருவின் மேல் அவளுக்குள்ள பைத்தியம் மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அவர்களை வேறு யாராவது கூப்பிட்டிருந்தால் மோகனப்ரியா கத்தியையும் கூடையையும் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தச் சுவரைக் கட்டிக்கொண்டிருப்பாள். துரு ஒருதடவையாவது இந்தப் பக்கம் வந்து வாசிக்க வேண்டும் என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள். இப்போது வருகிறார்கள். அந்த இலையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

துரு, பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள் நாலு பேர் ஆரம்பித்த ராக் பேண்டு. சினிமாவுக்கும் வாசித்ததில்லை, கல்யாணத்துக்கும் வாசித்ததில்லை. மோகனப்ரியா பத்தொன்பது வயதில் திருவொற்றியூரில் ஒரு ரீசார்ஜ் கடையில் வேலை பார்த்தபோது, கிடார் பையைத் தோளில் மாட்டிய ஒருவன் வந்து ஒரு பென் டிரைவை நீட்டினான். “நாங்க பாடுனது. மெமரி கார்டுல பாட்டு ஏத்த யாராச்சும் வந்தா இதையும் சேத்து ஏத்தி வுடும்மா” என்றான். அவன்தான் எபினேசர், பாடுகிறவன். கடையில் ஆளில்லாத மதியத்தில் அவள் அதைப் போட்டுக் கேட்டாள். முதலில் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் குரல் வந்தது. ஷேர் ஆட்டோவில் இடத்துக்குச் சண்டை போடுகிற ஆளின் குரல். அவள் வீட்டில் பேசுகிற பாஷை. சினிமாவில் சிரிப்புக்கென்று மட்டும் வருகிற ‘இன்னா’வும் ‘கீது’வும் அந்தப் பாட்டில் கோபமாக வந்தன, ஓரிடத்தில் அழுதுகொண்டும் வந்தன. பாட்டில் யாரும் அதற்குச் சிரிக்கவில்லை. அவள் காதிலிருந்து ஒயரைப் பிடுங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து சாமிப் பாட்டு கேட்டு வந்தவர்களின் கார்டிலும் துருவை ஏற்றினாள். “அம்மன் பாட்டுக்கு நடுவுல எவனோ கத்துறாம்மா” என்று ஒரு பெரியவர் திரும்பி வந்து சண்டை போட்டார். “முழுசா கேட்டியா நைனா?” என்றாள் அவள்.

துரு வாசிப்பதெல்லாம் நகரத்தின் தென்கோடியில். காலேஜ் மைதானங்களிலும் காபிக் கடை மாடிகளிலும். பிள்ளைகள் இருவருக்கும் சோறு வடித்து வைத்துவிட்டு அவள் ரயில் ஏறுவாள். “ரெண்டு புள்ள பெத்தவ, பசங்க நடுவுல குதிச்சிகினு வர்றா” என்று தெருவில் பேசினார்கள். “ஆமா, குதிச்சேன். என் காலுதானே” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னாள். அப்படி ஒரு கச்சேரியில்தான் மகிமா கிடைத்தாள். திருவொற்றியூரில் அரிசி மொத்தக் கடை நடத்தும் தென்மாவட்ட நாசரேத்துக்காரர் குடும்பத்துப் பெண். சபைப் பாட்டைத் தவிர வேறு எதற்கும் இடமில்லாத வீடு. கொயர் பயிற்சி என்று பொய் சொல்லிவிட்டு வருவாள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் எபினேசர் முகத்துவாரத்தைப் பார்க்க வேண்டும் என்றான். கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிற இடம். மோகனப்ரியாவின் கணவன் மணிதான் நாலு பேரையும் படகில் ஏற்றிக்கொண்டு போனான். ஆற்றில் இறால் பிடிப்பவன் அவன். மார்பளவு தண்ணீரில், பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் தடவிப் பிடிக்கிற தொழில். ஆலைச் சாம்பல் படிந்து மேடாகிப்போன இடத்தில் படகு சிக்கிக்கொண்டது. மணி இறங்கித் தள்ளினான். படகு அசையவில்லை. எரிச்சலில் அவன் தூரத்துப் புகைக்கூண்டுகளைப் பார்த்துக் கத்தினான். “ஆத்து வாய எவன்டா அடச்சது? அடச்சவன் கைய தூக்குடா!” எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மழைக்குள் ‘முகத்துவாரம்’ பாட்டு வந்தது. அந்தக் கத்தல்தான் பல்லவி. அந்த வரி வரும்போது கூட்டம் மொத்தமும் இரண்டு கையையும் தூக்கும். “நான் பேஜாருல கத்துனத வெச்சி பாட்டு கட்டிக்கினானுங்க” என்று மணி துப்பினான். குளிக்கும்போது அவன் அதை முணுமுணுப்பதை அவள் கேட்டிருக்கிறாள். சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டான்.

போன மழையில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. ஆறு தார் பூசினாற்போல் கறுத்தது. கூழைக்கடாக்கள் இறக்கையை விரிக்க முடியாமல் கரையில் உட்கார்ந்திருந்தன. எண்ணெயை அள்ள இறங்கிய மணியின் விரல்களில் தோல் உரிந்தது. இன்னும் முழுசாக ஆறவில்லை. எண்ணெய் தங்களுடையதுதான் என்பதற்கு ஆதாரமில்லை என்று கம்பெனி சொன்னது. மார்க்கெட்டில் வாங்க வருகிறவர்கள் “இது எந்தத் தண்ணி நண்டு?” என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். அவள் காசிமேட்டுத் துறைமுகத்திலிருந்து நண்டு எடுத்து வந்து விற்க ஆரம்பித்தாள். இப்போது அதே கம்பெனி கரையில் பந்தல் போடுகிறது.

அன்று மாலை மணி வாசலிலேயே நின்று சொன்னான். “ஊர்ல பேசி முடிச்சிட்டாங்க. அந்த வெழாவுக்கு ஒருத்தரும் போகக் கூடாது.”

“எனுக்குன்னு தனியா வந்து சொல்றியா?”

“உன்னத் தவுர எவ போவா?”

அவள் அடுப்பைத் தணித்தாள். “மாசித் திருவிழாவுக்கு துருவ கூப்புடலாம்னு நான் கேட்டப்போ இதே ஊருதான் வாணாம்னுச்சு. கத்துவானுங்கன்னுச்சு. அன்னிக்கு கூப்புட்டிருந்தா நம்ம மேடையில நின்னிருப்பாங்க. இன்னிக்கு எவனோ கூப்புட்டான், வர்றாங்க.”

“அதுக்கு? அந்தப் பந்தல்ல போயி குதிப்பியா?”

“குதிப்பனா இன்னான்னு எனுக்கே தெரியல. ஆனா போவேன். எட்ட நின்னுகினு திட்றதுக்கு அவங்க எனுக்கு யாரோ எவரோ இல்ல.”

மணி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். “ஊரு கேட்டா நீயே பதில் சொல்லிக்க.”

“சொல்றேன்.”

விழா நடந்த சனிக்கிழமை மதியமே மகிமா பந்தல் வாசலில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். “இந்தத் தடவ வீட்டுல உண்மையச் சொல்லிட்டு வந்துட்டேன்ட்டி. அப்பா எனக்காக முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணிட்டு இருக்காவ” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. பந்தலுக்குள் நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. வெளியூரிலிருந்து பஸ்களில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேடையில் சவுண்ட் செக் நடந்துகொண்டிருந்தது.

எபினேசர் மேடைக்குப் பின்னால் பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தான். தாடி நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் நிஜமாகவே மலர்ந்தது. “மோகனா! மொத ஆளா வந்துட்டியா?”

“முகத்துவாரம் எப்ப வருது அண்ணா?”

அவன் கப்பைப் பார்த்தான். “அது இன்னிக்கு இல்லம்மா.”

“இல்லன்னா?”

“வாணாம்னு கேட்டுக்கினாங்க. ஒரு பாட்டுதானே? மிச்சம் எல்லாம் நம்ம பாட்டுதான். நம்ம ஆளுங்க முன்னால நிக்கணும்னு எத்தினி வருசமா அலையறோம்? எவன் மேட குடுத்தான் சொல்லு. இவன் குடுக்குறான்.”

அதில் பொய் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். “நம்ம ஆளுங்க எங்க அண்ணா? பாரு. ஊரு வரல.”

“நீ வந்துகீறல்ல?”

“அந்த வரி எங்க வூட்டுக்காரு சேத்துல நின்னுகினு கத்துனது. நீ எடுத்துக்கின. நாங்க ஒரு வார்த்த கேக்கல, சந்தோசமா குடுத்தோம். இப்ப அத பாடாத வுடறதுக்கு உனுக்கு இன்னா ரைட்டு கீது?”

எபினேசர் மிச்ச டீயை மணலில் கொட்டினான். அடையாள அட்டை மாட்டிய ஒருவன் அவனைக் கூப்பிட்டான். போகும்போது திரும்பி, “முன்னால நில்லு மோகனா. உன் மூஞ்சி தெரிஞ்சாதான் எனுக்கு பாட்டு வரும்” என்றான். முன்பென்றால் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் ஒரு வருஷம் ஓட்டியிருப்பாள்.

வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். மேடைக்கு முன்னால் நிற்க விட்ட மணல்திட்டில் பெரம்பூரிலிருந்து வந்த பத்துப் பதினைந்து பையன்கள் கறுப்பு டீ-ஷர்ட்டில் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே மோகனப்ரியா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அசையக் கூடாது என்று இருந்தாள். முதல் பாட்டில் டிரம்ஸ் விழுந்ததும் அந்த வைராக்கியம் போய்விட்டது. கால் தானாக எகிறியது. ஒவ்வொரு சொல்லையும் கத்திப் பாடினாள். தன் மண்ணில், தன் உப்புக் காற்றில் துரு. கண்ணில் தண்ணீர் வந்தது. தன்மேல் அவளுக்குக் கோபமும் வந்தது, ஆனாலும் குதிப்பதை நிறுத்த முடியவில்லை.

மெதுவான பாட்டு ஒன்று முடிந்தது. துருவைக் கேட்பவர்கள் எல்லோருக்கும் அடுத்தது என்ன என்று தெரியும். பேஸ் கிடார் அடித்தொண்டையில் உறும, ‘முகத்துவாரம்’ தொடங்கும். பையன்களின் கைகள் பாதி உயர்ந்துவிட்டன. எபினேசர் மேடையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு வேறொரு வேகமான பாட்டை எடுத்தான். கைகள் இறங்கின. ஒன்றிரண்டு பேர் குதிக்கத் தொடங்கினார்கள்.

மோகனப்ரியா எதையும் யோசித்துச் செய்யவில்லை. மணலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ‘முகத்துவாரம்’ பாட ஆரம்பித்தாள். ஸ்பீக்கர் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டை அதிர்வதை வைத்துத்தான் பாடிக்கொண்டிருப்பது தெரிந்தது.

“ஏட்டி, என்ன பண்ணுத?” என்று மகிமா குனிந்தாள். அவள் வாயசைவைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அவளும் திரும்பினாள்.

செக்யூரிட்டி ஒருவன் ஓடி வந்தான். “யம்மா, எந்திரி. மேடையப் பாத்து உக்காரு.”

“இன்னாத்துக்கு? பாட்ட காதாலதானே கேக்குறது? முதுக காட்டக் கூடாதுன்னு போஸ்டர்ல போட்டுகீதா?”

அவன் விழித்தான். அதற்குள் பெரம்பூர் பையன் ஒருவன் உட்கார்ந்தான். இன்னொருவன். அப்புறம் மூன்று பேர். எல்லோரும் இல்லை. “காசு குடுத்தா வந்தீங்க, கம்முனு கேளுங்கடா” என்று ஒருவன் அவர்களைத் திட்டிவிட்டுக் குதித்துக்கொண்டே இருந்தான்.

திரும்பி உட்கார்ந்ததில், மேடையிலிருப்பவர்கள் மட்டும் பார்க்கக்கூடியதை அவள் பார்த்தாள். நாற்காலிகளுக்கு அப்பால், பந்தலுக்கு வெளியே, கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கற்களின் மேல் ஊர் ஆண்கள் நின்றிருந்தார்கள். விழாவுக்கு யாரும் வரவில்லை. சும்மா ரோட்டோரம் நிற்கிறார்கள். கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மணி நின்றிருந்தான். மேடையை நோக்கிய அத்தனை தலைகளுக்கு நடுவே தன்னை நோக்கித் திரும்பிய அந்த ஏழெட்டு முகங்களை அவன் பார்த்துவிட்டான்.

பல்லவி வந்தது. அவள் இரண்டு கையையும் தூக்கினாள். “ஆத்து வாய எவன்டா அடச்சது?”

பின்னால் டிரம்ஸ் தடுமாறியது. ஒரு அடி பிசகி, இன்னொன்று விழாமலே போயிற்று. கிடார் மட்டும் கொஞ்ச தூரம் தனியாக ஓடி, அதுவும் நின்றது. ஸ்பீக்கர்கள் வெறுமனே இரைந்தன. அந்த இரைச்சலுக்குள் மணலில் உட்கார்ந்திருந்தவர்களின் குரல்கள் சுருதியில்லாமல் கரகரவென்று வெளியே வந்தன. நாற்காலியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எல்லோரும் அவள் தலைக்கு மேலாக மேடையைப் பார்த்தார்கள். அங்கே என்னவோ நடந்துகொண்டிருந்தது. மகிமாவின் கழுத்து மெல்லத் திரும்பத் தொடங்கியது.

“திரும்பாத. நம்ம பாட்டு முடியல” என்றாள் மோகனப்ரியா.

அடுத்த சரணத்தை அவளே எடுத்தாள். எழுந்து நின்றவர்களின் இடைவெளியில், கருங்கற்களின் அடியில் மணி ஒரு காலை மணலில் வைத்துவிட்டு, மறுகாலைக் கல்லிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தான்.