நம்பிராஜன் வைத்த பொட்டு

"பிச்சுமணி இல்லையா?"

ஜீப்பை விட்டு இறங்கியதும் எஸ்டேட் மானேஜர் வெங்கடேஸ்வரன் கேட்ட முதல் கேள்வி அதுதான். எதிரே கிரீஸ் கன்னும் கையுமாக நம்பிராஜன் நின்றுகொண்டிருந்தான். ஆறடி ஆள். தூணைத் தாண்டிப் பார்ப்பதுபோல அவனைத் தாண்டி ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார் மானேஜர்.

நம்பிராஜனுக்கு வயிற்றுக்குள் யாரோ ஸ்டவ்வைப் பற்றவைத்த மாதிரி இருந்தது. தென்காசியில் சேக் தாவூது ஒர்க்‌ஷாப் போட்ட நாளிலிருந்து அவன்தான் மூத்த கை. பிச்சுமணி, சுரண்டையிலிருந்து போன வருஷம்தான் பஸ் ஏறி வந்தவன். அப்படி என்ன வித்தை அவனிடம்? முருங்கைக்காய் மாதிரி ஒரு கை. எந்தச் சந்துக்குள்ளும் போய்விடும், அவ்வளவுதான். அதற்கே ஊரெல்லாம் பிச்சுமணி, பிச்சுமணி. ஊர் கிடக்கட்டும், போன வாரம் வீட்டில் சோறு போடும்போது மனைவி வடிவாம்பாளும் ஆரம்பித்தாள்.

"உங்க பிச்சுமணி வந்து தையல் மிஷினைச் சரி பண்ணிட்டுப் போனாவ. உள்ள விழுந்த ஊசிய ரெண்டே விரலால எடுத்துட்டாவ."

"ஏன், நான் எடுக்க மாட்டனா?"

"உங்க கை நுழையுமா அதுல?" என்று சிரித்தாள் அவள்.

சிரித்ததுதான் தாங்கவில்லை. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான்.

மானேஜரின் குறை இதுதான்: ஓடையில் இறங்கி ஏறியதிலிருந்து ஜீப்பின் அடியில் ஒரு கீச்சுச் சத்தம். சமதரையில் வராது. ஏற்றத்தில் மட்டும் வரும். கிரீஸ் போட்டுச் சத்தத்தை நிறுத்த வேண்டும். அத்தோடு இன்னொன்றும் சொன்னார். ஐந்தருவிக்கு மேலே எஸ்டேட்டில் வண்டிகளோடு தங்க ஒரு ஆள் தேவை. குவார்ட்டர்ஸ் உண்டு, வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். "யார் வேலை சுத்தமா இருக்கோ, அவனை இன்னிக்கே கூட்டிண்டு போறேன்" என்றார்.

"ஏலே நம்பி, நீ முன்பக்கம் பாரு. பின்பக்கம் பிச்சுமணி பாக்கட்டும்" என்றார் தாவூது முதலாளி.

சாரல் காலம். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழியில் முழங்கால் மட்டும் தண்ணீர். தரையில் சாக்கை விரித்து, மல்லாந்து படுத்துத்தான் நுழைய வேண்டும். ஆளுக்கொரு பக்கம் படுத்துச் செய்வதால் அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கிரீஸ் ஏற்றும் சின்ன மூக்குக்கு நிப்பிள் என்று பேர். ஒரு நிப்பிளில் கிரீஸ் அடித்து முடித்ததும், அதன் நுனியில் விரலால் புது கிரீஸைத் தொட்டு ஒரு பொட்டு வைத்துவிடுவார்கள். பொட்டு இருந்தால் முடிந்த வேலை. அடுத்தவன் அதைத் தொட மாட்டான். தொட்டுச் சோதித்தால் மரியாதைக் குறைவு.

ஜீப்பில் எல்லா நிப்பிளும் ஒரு மாதிரி என்றால், கியர்பாக்ஸை ஒட்டி, பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாப்டின் மூட்டில் இருப்பது வேறு மாதிரி. இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் கள்ளன்போல ஒளிந்திருக்கும். மற்றவர்கள் வண்டியை ஒரு சாண் தள்ளி, ஷாப்டைச் சுழற்றி, அதைக் கீழே கொண்டுவந்துதான் பிடிப்பார்கள். பிச்சுமணிக்கு அந்தத் தொல்லையும் கிடையாது. கையை விடுவான், பிடித்துவிடுவான். கீச்சென்று அழுவதும் அந்த மூட்டுதான் என்று நம்பிராஜனுக்குப் படுத்தவுடனே தெரிந்துவிட்டது. தண்ணீர் புகுந்து, ஓரமெல்லாம் செந்துரு.

பிச்சுமணி டீ குடிக்கப் போனான். நம்பிராஜன் சாக்கோடு பின்னால் நகர்ந்தான். தோள் சட்டத்தில் உரசித் தோல் வழன்றது. ஒற்றை விரல் நுனிதான் எட்டியது. பொட்டு வைக்க அது போதும். ஒரு சொட்டு கிரீஸ்கூட உள்ளே போகவில்லை. பொட்டு மட்டும் பளபளவென்று உட்கார்ந்தது. இனி ஏற்றத்தில் சத்தம் வரட்டும். பின்பக்கம் யார் பார்த்தது? பிச்சுமணி. ராசாவின் கை சந்தி சிரிக்கட்டும்.

சாயங்காலம் மானேஜர் குனிந்து அடியில் டார்ச் அடித்தார். "அந்த மூட்டு? அதானே கஷ்டம். பிச்சுமணி, நீதானே?"

"இல்ல சார்" என்றான் பிச்சுமணி, கையைத் துடைத்துக்கொண்டே. "அது அண்ணாச்சி வேலை. டீ குடிச்சிட்டு வந்து பாக்கேன், பொட்டு இருக்கு. வண்டியத் தள்ளாமலே முடிச்சிருக்காவ. இம்புட்டுப் பெரிய கைய வச்சிக்கிட்டு எப்படித்தான் விட்டாவளோ."

அதில் கேலி இல்லை. அதுதான் நம்பிராஜனை இன்னும் எரித்தது.

மானேஜர் முதல்முறையாக அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீயே வண்டியில ஏறு. நாளைக்கு வந்து சம்சாரத்தைக் கூட்டிண்டு போ."

சொல்லிவிடலாம். கிரீஸ் கன்னை எடுத்து நான்கு அடி அடித்தால் தீர்ந்தது. ஆனால் பொட்டு வைத்த நிப்பிளில் மறுபடி கன்னை வைத்தால், ஏன் என்று பிச்சுமணியே கேட்பான். மேலே போனதும் காதும் காதும் வைத்தமாதிரி அடித்துக்கொள்ளலாம் என்று ஏறி உட்கார்ந்தான். புறப்படும்போது திரும்பிப் பார்த்தான். முதலாளி ஏதோ சொல்ல, பிச்சுமணி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். தோற்றவன் முகமா அது? வேலை கிடைத்தும் தனக்குச் சிரிப்பு வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

குற்றாலத்தில் எண்ணெய்த் தலையும் ஈரத்துண்டுமாகக் கூட்டம். அதைக் கடந்து, ஐந்தருவியையும் விட்டு, ஜீப் மண்பாதையில் மூக்கைத் தூக்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். முதல் வளைவு சத்தமில்லாமல் போயிற்று. இரண்டாவதில், அவன் காலுக்குக் கீழே, கீச்சென்றது. பிறகு சக்கரம் சுற்றும்போதெல்லாம் கீச், கீச். அந்த மூட்டு விட்டுப்போனால் ஷாப்ட் கழன்று தரையில் குத்தும்; பள்ளம் எந்தப் பக்கம் என்று அவன் பார்த்துக்கொண்டான்.

"நம்பி, என்ன சத்தம் அது?"

நாக்கு முந்திக்கொண்டது. "காட்டுல ஏதோ பட்சி சார்."

"பட்சியா?"

மானேஜர் ஜீப்பை ஓரங்கட்டினார். பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். எங்கோ அருவி விழும் இரைச்சல். இலையிலிருந்து சொட்டிய தண்ணீர் சூடான பானட்டில் பட்டு ஆவியாயிற்று. சாவியில் கை வைத்தபடியே அவர் தலையைச் சாய்த்துக் காதுகொடுத்தார்.

நம்பிராஜனும் கழுத்தை நீட்டி, ஈரம் சொட்டும் மரங்களைக் கிளை கிளையாகப் பார்த்தான், ஏதாவது ஒன்று வாயைத் திறக்காதா என்று.