கடைசியாக வேலை முடிந்த நேரம்

கிடங்கில் நாற்பத்தொன்றாம் கதவின் விளக்கு காலை ஏழு மணியிலிருந்து சிவப்பாகவே இருந்தது. சரக்கை இறக்கி முடித்து அது பச்சையானால்தான் லாரியை நகர்த்தலாம்.

லோர்னா பக்கக் கண்ணாடியில் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பன்னிரண்டு பத்து. கிடங்கின் தூக்குவண்டி டிரெய்லருக்குள் ஏறும்போதெல்லாம் லாரி ஒருமுறை ஆடும். பத்து மணிக்குமேல் நான்கு தடவைதான் ஆடியிருந்தது.

ஸ்டியரிங் பக்கத்தில் பொருத்திய கருவி மிச்சத்தைக் காட்டியது: ஒன்றரை மணி நேரம். வேலை தொடங்கிய நிமிடத்திலிருந்து பதினாலு மணி நேரம், அதற்குமேல் சட்டப்படி ஓட்டக்கூடாது. நேற்று இரவு பதினொன்று நாற்பதுக்கு ஜாப்ளினில் தொடங்கினாள். ஓட்டினாலும் நின்றாலும் அந்த நேரம் கரையும். சம்பளம் மட்டும் சக்கரம் உருண்டால்தான்.

இரண்டு மணிக்கு ஹேஸ்டிங்ஸில், பால் கூட்டுறவில், அவளுக்கு ஓட்டிக்காட்டும் தேர்வு. ஒரே ஓர் இடம் காலி.

பக்கத்துக் கதவில் நின்ற லாரியின் கண்ணாடி இறங்கியது. நரைத்த தாடிக்காரர்.

"லாரிக்கு வந்து எத்தனை மாசம் தங்கச்சி?"

"எட்டு."

"அதான் இன்னும் விளக்கையே பாக்கறே. மைலுக்கு என்ன தர்றான்?"

"அம்பத்திரண்டு சென்ட் வரைக்கும்னாங்க."

"வரைக்கும்!" அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "கையில?"

"நாப்பத்திநாலு."

"எனக்கும் முதல் வருஷம் ஒரு 'வரைக்கும்' குடுத்தான். இன்னும் அது வந்துக்கிட்டே இருக்கு." சிரித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மூன்று தாள்கள் ஒட்டியிருந்தன. லாரிப் பள்ளியில் தேறிய வாரம் அவளும் எமிலும் உட்கார்ந்து எழுதியவை. முதலாவது, இப்போது பார்க்கும் வேலை: மூன்று வாரம் வெளியே, நான்கு நாள் வீடு. இரண்டாவது, பக்கத்து மாநிலங்களோடு சரி, வார இறுதியில் வீடு. வார இறுதி என்றால் முப்பத்துநாலு மணி நேரம், அது வியாழக்கிழமையிலும் வரலாம் என்பதை அவள் பின்னால்தான் தெரிந்துகொண்டாள். மூன்றாவது, பால் லாரி. பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை எடுத்து வரவேண்டும். மணிக்கு இருபத்துநாலு டாலர், பண்டிகைக்கு லீவு கிடையாது, விடியுமுன் மூன்று மணிக்குத் தொடக்கம், பகல் ஒரு மணிக்கு வீடு. புதியவர்களை எடுப்பதில்லை என்று அப்போது அதன்மேல் எமில் குறுக்குக்கோடு போட்டிருந்தான்; இப்போது புதியவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்பது வயது ஜோஸி ஒவ்வொரு தாளிலும், அம்மா வீட்டில் இருக்கும் நாளுக்கு ஒன்று என்று வீடு வரைந்து வைத்தாள். மூன்றாம் தாளில் இடம் போதாமல் பின்பக்கமும் வரைந்தாள்.

எமிலுக்கு இறைச்சி ஆலையில் இரண்டாம் ஷிப்டு. மூன்று மணிக்குப் போனால் நள்ளிரவுக்குத்தான் வருவான். அதுவரை ஜோஸி பக்கத்து வீட்டு டார்லீனிடம் இருப்பாள். டார்லீன் மாதக் கடைசியில் அரிசோனாவுக்கு, மகனிடம் போய்விடுகிறாள். இன்னும் ஒன்பது நாள். அதற்குப் பிறகு பள்ளி விட்டதும் குழந்தை யாரிடம் போவாள் என்பதற்கு அந்த வீட்டில் பதில் இல்லை.

கைபேசி அடித்தது. எமில்.

"பச்சையா?"

"இல்ல."

"போய்க் கேட்டியா?"

"ரெண்டு தடவை. அந்த ஆபீஸ் ஜன்னல்காரி தலையே தூக்கல. 'விளக்கப் பாருங்க'ங்கறா."

"லாரியோட ஹேஸ்டிங்ஸ் போக நேரம் பத்துமா?"

"பத்தாது. நெடுஞ்சாலை ஓரத்து லாரிப் பேட்டையில நிறுத்திடறேன். நீ வந்து கூட்டிட்டுப் போ."

"வந்துட்டேன். பேட்டையிலதான் நிக்கறேன். ரன்சா வாங்கி வச்சிருக்கேன், ஆறுது."

"ஷிப்டு?"

"லீவு சொல்லிட்டேன்."

ஆலையில் அன்றைக்கே லீவு சொன்னால் ஒரு புள்ளி. ஆறு புள்ளி சேர்ந்தால் வேலை போகும்.

"எத்தனாவது புள்ளி?"

"அஞ்சு. நீ விளக்கப் பாரு."

ஒன்று ஐந்துக்குப் பச்சை எரிந்தது. ஜன்னல்காரி சரக்கு இறக்கிய தாளை நீட்டினாள். லோர்னா கதவிலிருந்து விலகி, தெருவில் இறங்கி, பேட்டையின் கடைசி வரிசையில் லாரியை நிறுத்தி, பிரேக்கை இழுத்துக் கருவியில் 'வேலை முடிந்தது' என்பதைத் தொட்டபோது ஒன்று இருபது. இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. எட்டு மாதத்தில் அவள் ஒரு நிமிடம்கூடத் தாண்டியதில்லை.

காரில் ஏறியதும் எமில் ரன்சாவை, கோஸும் கறியும் அடைத்த ரொட்டியை, அவள் மடியில் வைத்தான். அவள் சாப்பிடவில்லை. சட்டை மாற்றினாள்.

"பயமா?"

"பால் டாங்கர ஓட்டினதில்லையே. பாதி நிறைஞ்சிருந்தா பிரேக் போடறப்ப பின்னாலேர்ந்து தள்ளும்."

"என் அம்மா தள்ளாததா? சமாளிப்பே."

அவள் சிரித்தாள். முதல் விள்ளலை வாயில் போட்டது அப்போதுதான்.

கூட்டுறவின் முற்றத்தில், தேர்வு வைக்கும் ப்ரூன் நின்றிருந்தார். அறுபது வயது, ரப்பர் பூட்ஸ். பின்னால் கழுவிய டாங்கர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கு. எனக்குப் பிடிச்ச ஆளு நீங்க" என்றார். "வண்டியில ஏறறதுக்கு முன்னால ஒரே ஒரு தாள். எல்லாரும் எழுதறதுதான்."

கடந்த ஏழு நாள், நாளுக்கு எத்தனை மணி நேரம். அவள் கைபேசியைப் பார்த்து நிரப்பினாள். கீழே ஒரு வரி: கடைசியாக வேலை முடிந்த நேரம். 1:20 என்று எழுதினாள். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ப்ரூன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"இன்னிக்கு ஒண்ணு இருபதா?"

"ஆமா."

"எப்பத் தொடங்கினீங்க?"

"நேத்து ராத்திரி பதினொண்ணு நாப்பது."

அவர் டாங்கரைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்ப உங்கள இதுல ஏத்த முடியாதும்மா."

"நான் நிறுத்திட்டேன். லாரி பேட்டையில இருக்கு. நேரம் தாண்டல."

"லாரி பேட்டையில இருக்கு. நீங்க இங்க இருக்கீங்க. பதினாலு மணி நேரம் லாரிக்கு இல்லியே, உங்களுக்குத்தானே. எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் ஒண்ணு நாப்பதுக்கு மேல நீங்க ரோட்டுல ஓட்டக்கூடாது. பத்து மணி நேரம் படுத்து எந்திரிக்கணும்."

இது அவளுக்குத் தெரியும். பள்ளியில் இதற்கு ஒரு கேள்வியே வந்தது, சரியாக எழுதியிருந்தாள். எட்டு மாதம் அந்தக் கருவியைப் பார்த்துப் பார்த்து, நேரம் அதற்குள்தான் இருக்கிறது என்று எங்கோ நம்பிவிட்டிருந்தாள். லாரியை விட்டு இறங்கியபோது நேரத்தைவிட்டும் இறங்கியதாகவே நினைத்தாள்.

"முற்றத்துக்குள்ளயே ஓட்டிக் காட்டட்டுமா?"

"முற்றத்துல என் பேத்தியே ஓட்டுவா. பண்ணைப் பாதை, பாலம், பாரத்தோட ஒரு திருப்பம், அதைத்தான் நான் பாக்கணும்."

"நாளைக்கு?"

"மூணு மணிக்கு இன்னொருத்தர் வர்றாரு. திங்கக்கிழமை யாராவது பாலை எடுத்தாகணும், மாடு எனக்காகக் காத்திருக்காது. அவர் சரியில்லன்னா நாளைக்கு உங்களப் பாக்கறேன். எதுவானாலும் நாலரைக்குள்ள கூப்பிடறேன்." அவர் தாளை மடித்தார். "வேற நேரம் எழுதியிருந்தீங்கன்னா நான் கேட்டிருக்க மாட்டேன். எழுதிட்டீங்க."

எமில் காரின்மேல் சாய்ந்து நின்றிருந்தான். அவள் நடந்து வருவதைப் பார்த்ததும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தான்.

வாயிலில் எதிரே ஒரு பிக்கப் வண்டி வந்தது. கர்டிஸ். லாரிப் பள்ளியில் அவளோடு படித்தவன். மூன்று மணிக்கு வரவேண்டியவன் அவன்தான் போலும், சீக்கிரமே வந்துவிட்டான். ஆறாம் மாதமே வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நன்றாகத் தூங்கிய முகம். கையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள்.

"நல்லா ஓட்டுவானா?" என்றான் எமில்.

"ஓட்டுவான்."

மூன்றரைக்கு ஜோஸி பள்ளியிலிருந்து வந்து, கதவைத் திறந்து, புத்தகப் பையோடு அப்படியே நின்றாள். பிறகு ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"எத்தனை நாள்?"

"நாள் இல்ல. ராத்திரி வரைக்கும்."

ஜோஸி முதல் தாளின் முன்னால் பென்சிலோடு யோசித்தாள். கூரையை மட்டும் வரைந்தாள்.

நான்கு பத்துக்கு ப்ரூன் கூப்பிட்டார். லோர்னா நின்றுகொண்டே கேட்டாள். "சரி" என்றாள். "இல்ல, புரியுது" என்றாள். "நன்றி" என்றாள்.

எமில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான், சுத்தமாக இருந்த மேசையை.

"முதல் ஷிப்டு கேட்டுப் பாக்கறேன்."

"உனக்கு முன்னால எத்தனை பேர்?"

"பதினொண்ணு."

கைபேசி மறுபடி அதிர்ந்தது. அவளுக்குச் சரக்கு ஒதுக்கும் ராண்டியின் செய்தி. லெக்சிங்டனில் மாட்டிறைச்சி, பென்சில்வேனியாவுக்கு, ஆயிரத்து முந்நூறு மைல். பதினொன்று இருபதுக்கு அவளுடைய பத்து மணி நேரம் முடிகிறது, அந்த நிமிடமே கிளம்பவேண்டும். கீழே இரண்டு பொத்தான்கள், முதலாவது ஏற்க, இரண்டாவது மறுக்க. மறுத்தால் அடுத்த சரக்குக்கு இரண்டு நாள் உட்கார வைப்பான். அவள் முதலாவதைத் தொட்டாள்.

"ராத்திரி பூரா ஓட்டணும்" என்றாள். "இப்பத் தூங்கியாகணும்."

"போ. பத்தரைக்கு நான் கொண்டுபோய் விடறேன்."

அவள் படுக்கையறைத் திரையை இழுத்துவிட்டாள். ஓரத்தில் வெயில் ஒரு கோடாக நின்றது. நேற்று மாலையிலிருந்து தூங்கவில்லை, ஆனாலும் கண் மூடவில்லை. பின்னால் யாரோ தூக்குவண்டி ஏற்றுவதுபோல் கட்டில் ஆடியது. வெளியே ஏதோ கீழே விழுந்தது.

"ஷ்ஷ்" என்றான் எமில். "அம்மா தூங்கறா."

"நான் ஒண்ணும் பேசலியே" என்று ஜோஸி கிசுகிசுத்தாள்.

சற்று நேரத்தில் கதவின் அடி இடுக்கில் இரண்டு சின்னப் பாதங்களின் நிழல் வந்து நின்றது. லோர்னா கண்களை மூடிக்கொண்டு, மூச்சைச் சீராக விட்டாள், அது விலகும்வரை.